வாறவருக்கு ஒரு ஸ்டூல்

மாமா,

நேற்றுப் பின்னேரம் உங்கள் அறையில் பிட்டு மணத்தது. வீட்டில் யாரும் பிட்டு அவிக்கவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தார். பூட்டிக்கிடந்த அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் நின்ற பிறகுதான் மணம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நீத்துப்பெட்டி. அம்மா பிட்டு அவிக்கும் அந்தப் பனையோலைக் கூம்பைத் திருடிக்கொண்டு வந்து, தலைகீழாகக் கவிழ்த்து, நுனியில் துளை போட்டு, உள்ளே பழைய மாதிரிச் சூடாகும் மின்குமிழ் ஒன்றை மாட்டி நீங்கள் செய்த விளக்கு. எத்தனை நாள் ஆவி அந்த ஓலைக்குள் ஊறிக் கிடந்ததோ, குமிழ் சூடாகச் சூடாக அது மெல்ல இறங்கியது.

என் கையில் ஸ்க்ரூட்ரைவரும் கறுப்புக் குப்பைப் பைகளும் இருந்தன. சனிக்கிழமை இந்த அறைக்கு வாடகைக்கு ஒரு பெண் வருகிறாள். "அதுக்குள்ள உந்தக் கள்ளுக்கொட்டிலைக் கழட்டிப்போடு பிள்ளை. என்னால ஏலாது," என்று அம்மா சொல்லியிருந்தார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பைகளை எடுத்தேன்.

அந்தப் பெயரை வைத்ததும் அம்மாதானே. பதினொரு வருடம் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்த தம்பிக்கு, பின்னறையில் வாடகைக்கு இருந்தவர்கள் போனதும், "இனி உனக்கெண்டு ஒரு கதவு இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார். நீங்கள் அங்கே கட்டில் போடுவீர்கள் என்று நினைத்தார். நீங்களோ மூங்கிலும் ஓலையும் மர முகங்களுமாய், பசிபிக் தீவு மதுக்கடைப் பாணியில் டிகி அறை கட்டப்போவதாகச் சொன்னீர்கள். மூலையில் மெத்தையைச் சுருட்டி வைத்தால் போதும் என்றீர்கள். "சாராயம் ஒரு சொட்டு உள்ளுக்கு வரக்கூடாது," என்றார் அம்மா. அவ்வளவுதான் நிபந்தனை.

எல்லாம் அந்த ஜூலை முதலாம் தேதி தொடங்கியது. வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து பாதி ஊர் வீடு மாறும் நாள். நடைபாதை முழுக்க மெத்தைகளும் அலுமாரிகளும். ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, மூடிவிட்ட ஓர் உணவகத்தின் வாசலில் மூங்கில் கழிகளும், சுருட்டிய ஓலையும், என் இடுப்பளவு உயரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மர முகமும் கிடந்தன. நீங்கள் யாரிடமோ கேட்டீர்கள். அவர் கையை விரித்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். முகத்தை மரக்கறி வண்டிலுக்குள் இறக்கி, அதன் தலையில் கத்தரிக்காய்ப் பையை வைத்தீர்கள். கழிகளைக் கட்டி, முன்னுக்கு உங்கள் தோளிலும் பின்னுக்கு என் தோளிலுமாக வைத்தோம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு அப்போது இரண்டு மாதம். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். முதலில் பேசாமல் இருந்தேன். பிறகு போகாமல் இருந்தேன். பதினாறு முடிந்ததும் விட்டேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றுதான் கடைசிவரை போனது. அந்த ரீச்சர் என்னைப் பேசச் சொல்லாமல் எழுதச் சொன்னார். அப்படிப்பட்ட நான் பட்டப்பகலில், அத்தனை சனம் பார்க்க, ஒரு மூங்கில் கட்டின் பின்முனையில் நடந்தேன். நீங்கள் என்னோடு கதைக்க வேண்டும் என்று திரும்பும் ஒவ்வொரு முறையும் கழியும் சேர்ந்து திரும்பியது. நான் பின்முனையோடு அரைவட்டமாக ஓடினேன். ஒருமுறை ஒரு பொலிஸ்காரருடைய தொப்பிக்கு மேலால் போனது. இன்னொரு முறை ஒரு தள்ளுவண்டிக் குழந்தை கைதட்டியது.

"மாமா, திரும்பாதேங்கோ!"

நான்தான் கத்தினேன். ரயில் பாலத்துக்குக் கீழே என் குரல் மோதித் திரும்பி வந்தது. நீங்கள் உடனே நின்று, "ஆர் கத்தினது?" என்று கேட்பதற்காக மறுபடியும் திரும்பினீர்கள்.

பல்கணியில் வைத்து மூங்கிலை எரிவாயுச் சுடரால் வாட்டினோம். வாட்டித் துணியால் துடைத்தால் தேன் நிறத்தில் புள்ளிகள் விழும். வீடியோவில் பார்த்தது நான். சுடரைப் பிடித்தது நீங்கள். கீழ்வீட்டு அம்மா புகையைக் கண்டு பிரெஞ்சில் ஏசினார். நீங்கள் எட்டிப் பார்த்து, "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னீர்கள். அவர் இன்னும் ஏசினார். நீங்கள் இன்னும் மெர்சி சொன்னீர்கள். புவாண்ட்-கிளேரில் நீங்கள் வேலை செய்த களஞ்சியத்திலிருந்து சரக்கு அடுக்கும் உடைந்த மரத் தட்டுகளை ஒவ்வொரு பலகையாகப் பஸ்ஸில் கொண்டுவந்து உயரமான மேசையைச் செய்தோம். கயிற்றை நனைத்துக் கட்டினால் காயும்போது இறுகும் என்று நான் சொன்னேன். இறுகியது. உங்கள் முடிச்சுகள் மட்டும் அப்படியும் நழுவின. "அளக்கிறது நீ, அறுக்கிறது நான். கட்டுறதும் இனி நீதான்," என்றீர்கள்.

ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் கேட்டது அளவுநாடாவின் மறுமுனையைத்தான்.

இரண்டு ஸ்டூல்கள் அப்படி வந்தன. மூன்றாவதை, நான் ஒரு தமிழ்க் கடையின் பின்கட்டில் கருவேப்பிலை பொதி செய்யும் வேலைக்குப் போயிருந்த ஒருநாள், தனியாகச் செய்தீர்கள். ஒரு கால் நீளம் என்று அதை அறுத்திருக்கிறீர்கள். பிறகு மற்றக் கால் நீளம். நான் வந்தபோது தரை முழுக்க மூங்கில் வளையங்கள். ஸ்டூல் என் முழங்காலுக்குக் கீழே நின்றது.

"இப்ப ஆடேல்லை, பார்," என்றீர்கள்.

"ஆடாது. இன்னும் ரெண்டு தரம் அறுத்தியெண்டா பலகை நிலத்தில இருக்கும்," என்று அம்மா வாசலில் நின்று சொன்னார். "இது ஆருக்கடா?"

"வாறவருக்கு."

"வாறவர் இதில இருந்தா மேசைக்கு மேலால தலை மட்டும்தான் தெரியும்."

"தலை தெரிஞ்சாக் காணும் அக்கா. ஆர் எண்டு தெரியவேணும், அவ்வளவுதானே."

ஆனால் அதிகம் யாரும் வரவில்லை மாமா. அதை இப்போது சொல்லலாம். அப்பா லொறியோடு போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டார்; அம்மாவுக்கு இரண்டு வேலை. பின்னேரங்களில் நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள், நான் இந்தப் பக்கம் இருப்பேன். தகரப் பேணி மாம்பழச் சாற்றை மூன்று கிளாஸில் இரண்டில் ஊற்றிக் கடதாசிக் குடை குத்துவீர்கள். அந்தப் பக்கம் நான் ஒருநாளும் வந்ததில்லை. அது முதலாளி நிற்கும் இடம் என்று சொல்லியிருந்தீர்கள். பேசிக்கொண்டதும் அதிகமில்லை. மூன்றாவது கிளாஸைத் துடைத்துத் துடைத்து வைப்பீர்கள்.

ஒரேயொரு முறை அறை நிறைந்தது. தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. அம்மாவுக்கு ஊரில் தெரிந்த கமலா அன்ரியும் அவருடைய கணவரும், உங்களோடு வேலை செய்யும் இரண்டு பேரும். கமலா அன்ரி உள்ளே வந்ததும் மர முகத்தைக் கண்டு சாமியென்று செருப்பைக் கழற்றப் பார்த்தார், முன்பே கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எந்தச் சாமி தம்பி?" என்றார்.

"பசிபிக் பக்கம், அன்ரி."

"ஆரின்ரை எண்டாலும் சாமிதானே," என்று பையைத் திறந்து அதன் நெற்றியில் திருநீறு பூசினார். நீங்கள் சிரிக்காமல் கைகட்டி நின்றீர்கள்.

நான் பொரித்த ரோல்ஸ் தட்டோடு உள்ளே வந்த அந்த நேரம்தான் மூங்கில் வெடித்தது. வெளியே கடும் குளிர். உள்ளே ஹீட்டர் நாள் முழுக்க எரிந்து காற்றைக் காயவைத்திருந்தது. மூலைக் கழி மேலிருந்து கீழ்வரை ஒரே வெடி. நான் கண்ணைச் சிமிட்டித் திறந்தபோது அறையில் ஒருவருமில்லை. எல்லாரும் தரையில். அம்மா மேசைக்குக் கீழே. கமலா அன்ரி சுவரோடு, தலையைக் கையால் மூடிக்கொண்டு. நீங்கள் மர முகத்தைக் கட்டிப்பிடித்தபடி. ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் செய்யவில்லை. எல்லாரும் ஒரே கணத்தில். நான் மட்டும் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"மூங்கில்," என்றீர்கள் கீழிருந்து. "மூங்கில்தான் வெடிச்சது."

முதலில் சிரித்தது கமலா அன்ரி. பிறகு எல்லாரும். எழும்ப மனமில்லாமல் அப்படியே தரையில் கிடந்து, யார் எந்தப் பதுங்குகுழியில் எதைச் சாப்பிட்டார்கள், யாருடைய ஆடு முதலில் உள்ளே ஓடியது என்று சொல்லத் தொடங்கினார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நான் இங்கே பிறந்தவள். வேறு யாருடைய வீட்டுக்கோ தட்டுக் கொண்டுவந்தவள் போல இருந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நீங்கள் தட்டினீர்கள். "மருமோள்."

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

"மருமோள், நீ ரோல்ஸையும் கொண்டு போயிட்டாய். சனம் பசியில கிடக்குது."

பார்த்தேன். தட்டு என் மடியில் இருந்தது.

"வா. நிலத்தில இன்னும் இடம் இருக்கு," என்றீர்கள்.

வந்தேன். உங்களுக்கும் கமலா அன்ரிக்கும் நடுவில் இருந்தேன். அவர்களுடைய கதைகள் பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் இருந்தேன். அதற்குப் பிறகு மூங்கில் காயாமல் இருக்க ஹீட்டருக்குப் பக்கத்தில் நான்கு கிண்ணங்களில் தண்ணீர் வைக்கத் தொடங்கினோம்.

அந்த வருட ஒக்டோபரில், களஞ்சியத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. இதை நான் உங்களிடம் சொல்லவேண்டும் மாமா. அழைப்பை எடுத்தது நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய மனிதர் பிரெஞ்சில் நிதானமாக, தெளிவாகச் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அம்மா அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான்கு அடி தூரம். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. போனை அம்மாவின் கையில் வைத்தேன். பிரெஞ்சு பாதிதான் விளங்கும் அம்மா, தன் தம்பி போன செய்தியை முன்பின் தெரியாத ஒருவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டுத்தான் அறிந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

அதன் பிறகு முப்பத்தொரு நாளும் துக்கம் கேட்கச் சனம் வந்தது. நீங்கள் வரவேண்டும் என்று ஆசைப்பட்ட அத்தனை பேரும் வந்தார்கள். எல்லாரும் முன்னறையில் இருந்துவிட்டுப் போனார்கள். உங்கள் கதவு பூட்டியே கிடந்தது. கிண்ணங்கள் வற்றி வெள்ளை வளையம் விழுந்தது. அம்மாவும் நானும் அன்றிலிருந்து "சாப்பிட்டியா", "ஓம்" என்பதற்கு மேல் கதைப்பதில்லை.

நேற்றும், பிட்டு மணத்தில் நின்றுகொண்டு, முதல் ஸ்க்ரூவைத் தேடித்தான் மேசைக்குக் கீழே குனிந்தேன். அங்கே உங்கள் அளவுநாடா கிடந்தது. எடுத்தேன். எதற்கென்று யோசிக்காமல் சுவரை அளந்தேன். பிறகு மேசையை. பிறகு என்னுடைய கட்டிலைப் போய் அளந்துவிட்டு வந்தேன். அப்படி அளந்துகொண்டிருக்கும்போதே முன்கதவு திறந்தது. அம்மாவின் குரல். கூடவே இன்னொரு குரல். சனிக்கிழமை வரவேண்டிய பெண் அறையை ஒருமுறை பார்க்க வந்திருந்தாள். திருச்சியிலிருந்து படிக்க வந்தவளாம்.

பாத்ரூமுக்கு ஓட இருந்த ஒரே வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். அவளுடைய காலுறை பனியில் நனைந்திருந்தது. விளக்கைப் பார்த்தாள். நெற்றியில் திருநீற்றோடு பல்லைக் காட்டும் முகத்தைப் பார்த்தாள்.

"இது என்ரை தம்பி செய்தது பிள்ளை," என்று அம்மா அவசரமாகச் சொன்னார். "யோசியாதை. சனிக்கிழமைக்கு முதல் எல்லாம் கழட்டிப்போடுவம்."

"கழட்ட வேண்டாம் அம்மா."

அம்மா திரும்பினார். "என்ன?"

"கழட்ட வேண்டாம்."

அந்தப் பெண் இந்த அறை வேண்டாம் என்று போய்விட்டால் அடுத்த மாதம் அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அந்தப் பெண் கேலியில்லாமல்தான் கேட்டாள். "அப்போ நான் எங்க படுக்கிறது?"

"மேசையைத் திருப்பி ஜன்னலோடை விட்டா, கட்டில் இந்தச் சுவரில போகும்," என்றேன். "அலுமாரியைக் கதவுக்குப் பின்னால வைக்கலாம். நாலு விரல் மிச்சம் இருக்கு."

அம்மா என் கையில் இருந்த அளவுநாடாவைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ அளந்தனியோ?"

"ஓம் அம்மா."

அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, மூக்கை உறிஞ்சி, மேலே விளக்கைப் பார்த்தார். மணம் அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் உள்ளே வந்தாள். அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டு நல்ல ஸ்டூல்கள் இருக்க, போயும் போயும் அந்த மூன்றாவதில் இருந்தாள். மேசைக்கு மேலே அவளுடைய தலை மட்டும் தெரிந்தது.

"ஐயோ, இது யாருக்குச் செஞ்சது?" என்றாள்.

நான் மேசைக்கு அந்தப் பக்கம், நீங்கள் நிற்கும் பக்கம் போனேன். கீழே இன்னும் இரண்டு பேணிகள் இருந்தன. மூன்றாவது கிளாஸை எடுத்துத் துடைத்து, அவளுக்கு மாம்பழச் சாற்றை ஊற்றினேன்.