ஷெர்ரி இல்லாத டிரைஃபிள்

அன்பு மகன் ராஸுக்கு,

டார்வின் வெயிலில் நீயும் குழந்தைகளும் நலமாயிருக்க வேண்டும்.

எங்கள் தேவாலய மாதர் சங்கம் நெடுநேரம் விவாதித்து, வாக்கெடுத்து, இந்தக் கிறிஸ்துமஸ் டிரைஃபிள் இனிப்பில் கேக்கை ஷெர்ரி மதுவில் ஊறவைப்பதில்லை என்று தீர்மானித்தது. உன் அப்பாவின் மனம் சங்கடப்படக் கூடாதாம். ஏற்கெனவே வாங்கிவிட்ட பாட்டில்களை, ஊரிலேயே நம்பகமான சமையலறை என்று என்னிடம் ஒப்படைத்தார்கள்.

குடித்துவிட்டு ஓட்டியதற்குத் தண்டனை வந்த நாள் முதல் அப்பா ஒரு சொட்டும் தொடவில்லை. திருந்தும் வகுப்புக்கும் தவறாமல் போகிறார். கால்பந்து மன்றத்து மதுக்கூடத்தின் மாடியில்தான் வகுப்பு; ஊரில் வேறு கூடம் இல்லை. மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் காரில் பொருத்திய பெட்டியில் ஊதிக் காட்டினால்தான் வண்டி கிளம்பும். "கல்யாணத்தப்போ பாதிரியார்கூட என்னை இவ்ளோ சந்தேகப்படல" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் ஊதுவார். மார்ச் வரை பதிவு சுத்தமாக இருந்தால் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள், பள்ளிப் பேருந்து வேலையும் திரும்பக் கிடைக்கும் என்று காத்திருந்தார்.

நம்மிடம் இருப்பது ஒரே கார். நான் ஓட்டினாலும் ஊத வேண்டும். யார் ஊதினாலும் பதிவு அப்பா பெயரில். போன வாரம் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினேன். பெட்டி மறுத்துவிட்டது. அன்று காலை டிரைஃபிளைச் சற்று ருசி பார்த்திருந்தேன்.

பெட்டியின் பதிவைப் பார்க்கும் மதிப்பீட்டாளர் ஷெரில் எங்கள் இருவரையும் அழைத்தாள். உன் வகுப்பில் படித்தவள், நல்ல பெண். டிரைஃபிளை ருசி பார்த்ததைச் சொன்னேன். "ருசி பார்த்ததுக்கெல்லாம் இவ்ளோ வராது. வீட்ல வேற யாராச்சும் குடிக்கிறாங்களா, மெர்வ்?" என்றாள். நான் வாய் திறக்குமுன் அப்பா சிரித்தார். "யாரு, நொரீனா? அவ டீயையே தண்ணியாத்தான் போடுவா. நான்தாம்மா குடிச்சேன், நான்தான் ஊதினேன். எழுதிக்கோ."

ஷெரில் என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையைப் பார்த்தேன். அவள் எழுதிக்கொண்டாள்.

வரும் வழியில் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இப்போதெல்லாம் அவரேதான் ஊதுகிறார், அவரேதான் ஓட்டுகிறார். நான் எங்கும் போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே கோதுமை, கோதுமைக்கு அப்பால் கோதுமை.

ஈஸ்டருக்கு வரும்போது வழக்கமாகக் கொண்டுவரும் போர்ட் மது வேண்டாம். அப்பாவுக்காகத்தான் சொல்கிறேன். ஈஸ்டர் வரை காத்திராமல் வர முடிந்தால் வா, ராஸ். ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

அன்புடன்,
அம்மா

பி.கு.: டிரைஃபிளுக்கு ஆரஞ்சுச் சாறு ஊற்றினோம். பெட்டி செப்டம்பர் வரை காரில் இருக்கும். பேருந்து வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.