மரத்தூள் மாப்பிள்ளை

எதிர்வீட்டில் புது வாசற்கால் வைக்க மரம் அறுக்கிறார்கள். காலையிலிருந்து ரம்பச் சத்தம். நீ இருந்திருந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பாய். நான் சாத்தவில்லை. பத்து மணிவாக்கில் காற்று திரும்பியது, மரத்தூள் வாசம் கட்டில்வரை வந்துவிட்டது. அந்த வாசம் மூக்கில் ஏறினால் நான் எங்கே போய் நிற்பேன் என்று உனக்குத் தெரியும். பேத்தியைக் கூப்பிட்டு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். எனக்குத்தான் எழுத்துக் கிடையாதே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். உனக்கு, அவள் அப்பாயிக்கு, ஒரு மடல் எழுதணும் என்றபோது, ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "சொல்லுங்க தாத்தா" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நமக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம் அது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம். நான் மரவாடியில் கூலி. நீ குரும்பகரத்தில் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டிலிருந்து வந்தவள். நான் காலையில் போவேன், பொழுது சாய வருவேன். சோறு வைப்பாய், தின்பேன். 'உப்பு' என்பேன். நகர்த்தி வைப்பாய். அன்றையப் பேச்சு அதோடு முடிந்தது. என்னைப் பிடிக்காமல்தான் நீ பேசவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். உன்னைப் பிடிக்காமல்தான் நான் பேசவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். இதையாவது பேசியிருக்கலாம்.

ஆனி மாதக் கடைசியில் உங்கள் ஊர் வைக்கோல் வண்டிக்காரர் மரவாடிக்கு வந்து என்னைத் தனியாக அழைத்தார். "தம்பி, ஆடிக்கு ஒம் பொண்டாட்டிய அழைக்க சனிக்கிழம வராங்க. ஆனா திருப்பி அனுப்பற யோசனை இல்லப்பா. ஊமையன் வீட்ல கொண்டு தள்ளிட்டேன், பொண்ணு பேச்சுத் துணையில்லாம காயிதுன்னு ஒம் மாமனார் சொல்லிக்கிட்டுத் திரியறாரு."

புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம். அதை யார் தடுக்க முடியும்? அழைத்துப் போனபின் ஆவணியில் உடம்பு சரியில்லை என்பார்கள், புரட்டாசியில் அறுவடை வேலை என்பார்கள். அப்படியே தங்கிவிடுவாய். சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை. உன்னிடம் கேட்கவேண்டியதை வழியெல்லாம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து 'உப்பு' என்றுதான் சொன்னேன்.

அந்த வாரம்தான் பயில்வான் கம்பெனி வந்தது. அரசலாற்றங்கரைத் திடலில் மேடை போட்டார்கள். பலகையும் இருபது மூட்டை மரத்தூளும் எங்கள் மரவாடியிலிருந்து போயின. தூளைப் பரப்பிக் கொடுத்த எனக்கு ஆறு நாளைக்கும் இரண்டு பேருக்குப் பாஸ் கொடுத்தார் கம்பெனி முதலாளி. கம்பெனி எல்லையைத் தாண்டி உள்ளே வரும்போது, ஜெயிக்கிறவருக்குக் கொடுக்கும் தங்க இடுப்புப் பட்டையைச் சுங்கக்காரர்கள் சுரண்டிப் பார்த்துவிட்டு வரி போடாமல் விட்டுவிட்டார்களாம். அன்று மத்தியானத்துக்குள் அது பித்தளை என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்காக யாரும் வராமல் இல்லை. கோட்டுச்சேரியிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே ஒரு தேங்காய்க் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உனக்கு அடுத்து, வாடா என்னும் இறால் பலகாரம் விற்கிற பாத்திமாக்கா, கூடையை மடியில் வைத்துக்கொண்டு. தகரக் குழாயில் கம்பெனிக்காரர் முழங்கினார்: "ஆசியாவின் ஆண் சிங்கம்! ரங்கூன் ரணசூரன்! இலங்கையை இடித்த இடி! பர்மா பீமன்!" அதைச் சொல்லி முடிக்கவே ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆனது. பிறகு குரலை இறக்கி, "அவரை எதிர்த்து ஒருவர்" என்றார். ஒட்டுப்போட்டுத் தைத்த நிஜாரோடு ஓர் ஒல்லி ஆள் மேடையேறிக் கும்பிட்டார்.

நீ கயிற்றின் மேல் சாய்ந்தாய். "ஏங்க, அந்தாளுக்கு மட்டும் ஏன் ஒரு பட்டமும் இல்ல?"

நீயாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "தெரியல" என்றேன், பாவி.

"அத்தனை பட்டத்துல ஒண்ண இவருக்குக் குடுத்தா கொறஞ்சா போயிடும்?"

பீமன் அவரைத் தூக்கி அடித்தார். தலை முதல் கால்வரை தூள் அப்பிக்கொண்டு அவர் குப்புறக் கிடந்தபோது, "மரத்தூள் மாப்ள" என்று மெல்லச் சொன்னாய். பாத்திமாக்கா காதில் அது விழுந்துவிட்டது. "என்னா புள்ள சொன்னே? மரத்தூள் மாப்ளயா?" அந்த அம்மாள் குரல் ஆற்றுக்கு அக்கரை கேட்கும். திடலே சிரித்தது. விழுந்து கிடந்தவர் வயிறும் குலுங்கியதைப் பார்த்தேன். "இந்தப் பக்கமும் ஒரு மரத்தூள் மாப்ள குந்தியிருக்காரு!" என்று மரவாடித் தூள் படிந்த என் தலைமுடியைக் காட்டினார் பாத்திமாக்கா. நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய். நான் தலையைத் தட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

மறுநாளிலிருந்து நீ சொல்வாய், பாத்திமாக்கா ஒலிபரப்புவார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓயாமல் கத்தும் 'இரும்பு மண்டை' என்ற பயில்வானுக்கு 'நெல்லு போடாத மில்லு' என்று பட்டம் வைத்தாய். பவுடர் பூசிவந்து வியர்வையில் கோடு கோடாக வழிந்த பீமனுக்கு 'கோலம் போட்ட சிங்கம்'. கம்பெனியின் ரெபரி காய்ச்சலில் நாகப்பட்டினத்திலேயே தங்கிவிட்டதால், நம்மூர் சொல்தா பெரியவரை நிறுத்தியிருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாகச் சைகோனில் போருக்குப் போய்ப் பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சில்தான் எண்ணுவார். அந்த மேடையில் நிஜமான பதக்கம் அவர் சட்டையில் மட்டும்தான் இருந்தது. அவருக்கு நீ பட்டம் வைக்கவில்லை. "அவருக்குத்தான் இருக்கே" என்றாய்.

இரண்டாம் நாள் திரும்பி வரும்போது நமக்குள் சண்டை வந்தது. எல்லாம் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ரத்தம் வந்துச்சே, பாக்கல?"

"ரத்தத்துல வெத்தல வாசம் அடிக்குமா?"

"அவ்ளோ ஒசரத்துலேருந்து போட்டாரே!"

"போட்டவரு கையி எங்க இருந்துச்சு? விழறவரு பிடரிக்குக் கீழ. நாளைக்கு நல்லாப் பாருங்க."

மறுநாள் பார்த்தேன். இருந்தது. அவ்வளவு பெரிய கை, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் பேச்சு முடிந்துவிடுமே என்று பயம். மீன் ஆய்ந்துகொண்டே நீ அன்றைக்கான பரிசுகளை அறிவிப்பாய். அலறலில் முதல் பரிசு, நொண்டுவதில் முதல் பரிசு, கால் மாற்றி நொண்டியவருக்கு ஆறுதல் பரிசு. நான் மறுத்துப் பேசுவேன். சோறு ஆறிப்போகும். ஆனால் சனிக்கிழமை வந்துகொண்டே இருந்தது. அதைப் பற்றி நீயும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை நீ தகரப் பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்தேன். புதுப் புடவை, பழைய புடவை எல்லாவற்றையும் அடுக்கினாய். ஒரு மாதத்துக்குப் போகிறவள் பழைய புடவையையும் ஏன் அடுக்க வேண்டும்?

சனிக்கிழமை உன் அப்பா வண்டியோடு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, இன்னைக்குக் கடைசி ஆட்டம். பாத்துட்டுப் போவலாமே" என்றேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. திகைப்பிலேயே வந்துவிட்டார்.

அன்று பட்டைக்கான சண்டை. வழக்கமாகப் பீமன் ஒரு தடவை கீழே கிடப்பார், மூன்று எண்ணினால் தோல்வி என்பதால் இரண்டு எண்ணியதும் துள்ளி எழுவார். அன்றைக்குக் கடைசி நாள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே படுத்தார். மெதுவாக எண்ணும்படி கீழேயிருந்து கம்பெனி முதலாளி கையைக் காட்டினார். சொல்தா பெரியவர் யார் கையையும் பார்க்கிறவரா? "அன்! தெ!" என்று தரையில் தட்டினார். மேலே படுத்திருந்த மரத்தூள் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. பீமன் கன்னத்தில் தட்டி, "எழுந்திரிங்கண்ணே! அண்ணே, எழுந்திரிங்க!" என்று அவர் கெஞ்சியது நம் காதிலேயே விழுந்தது.

"த்ருவா!"

முதலாளி மேடைக்கு ஓடினார். "எண்ணிக்கை தப்பு, திரும்ப எண்ணணும்" என்றார். பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மூணு எண்ணியாச்சு. மூணுக்கப்புறம் ரெண்டு வராது." பட்டையை அவரே எடுத்து அந்த ஒல்லி ஆளின் இடுப்பில் கட்டினார். அது நழுவி முழங்காலில் போய் நின்றது. அந்த மனிதர் ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பீமனின் கையை உயர்த்திக் காட்டி, அழுதார். இருபது வருஷமாக விழுந்துகொண்டே இருந்தவராம். நீ எழுந்து நின்றாய். பாத்திமாக்காவிடம் சொல்லவில்லை. உன் சொந்தத் தொண்டையில் கத்தினாய்: "புளி போட்டுத் தேச்சு வச்சுக்கப்பா!"

உன் அப்பா திரும்பிப் பார்த்தார். அவரும் பலகைமேல் ஏறித் துண்டைச் சுழற்றிக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நமக்கு அதே வழக்கு. "அண்ணேன்னு கூப்புட்டாரே, கேட்டீங்கள்ல? இப்பவாவது ஒத்துக்குங்க" என்றாய். "மரியாதை தெரிஞ்சவரு, அதனால கூப்புட்டாரு" என்றேன். "அடிக்கிறவன அண்ணேம்பாங்களா?" "நல்ல மனுசன் சொல்லுவான்." "நீங்க சொல்லுவீங்களா?" "நான் ஏன் சண்டைக்குப் போறேன்?" "இப்ப எங்கூடப் போட்டுக்கிட்டிருக்கறது என்னவாம்?" உன் அப்பா பின்னால் நடந்து வருவதை இருவரும் மறந்தே போனோம்.

வண்டியில் பெட்டியை ஏற்றியபின் அவர் உன்னைப் பார்த்துக் கேட்டார். "ஏண்டி, மூணு மாசமா இந்த வீட்ல பேச்சே இல்லன்னு அழுதியே? ஆத்தங்கரைலேருந்து இங்க வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தை நுழைக்க எடம் கெடைக்கலியே?"

நீ வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பெரிய மரக்கட்டை தூக்கும்போது இடுப்பை இறுக்கிக்கொள்வோமே, அப்படி இறுக்கிக்கொண்டு, உன் அப்பா முன்னாலேயே கேட்டேன். "ஆவணி பொறந்தா வருவியா?"

"நீங்க வந்து கூப்புட்டா வருவேன். வாயத் தொறந்து கூப்புடணும். வாசல்ல வந்து மரம் மாதிரி நிக்கக்கூடாது."

உன் அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஆவணி முதல் தேதி குரும்பகரத்தில் நான் கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவே வெளியே வந்தது. நீ பெட்டியை முந்தின நாளே கட்டி வைத்திருந்தாய். அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் நம் வீட்டில் பேச்சு ஓயவில்லை. அந்தச் சண்டை பொய் என்று நானும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

போன வருஷம் உனக்கு ஒரு பக்கம் இழுத்து, பேச்சுப் போயிற்று. எட்டு மாதம். காலையில் உன் முகம் துடைத்துவிட்டு நான் ஆரம்பிப்பேன். பால்காரன் யாரோடு சண்டை போட்டான், மருமகள் குழம்பில் எதைப் போட மறந்தாள், எந்தக் காக்கை எந்தக் காக்கையை விரட்டியது, ஒன்று விடாமல் சொல்வேன். நீ ஒரு பக்கத்து உதட்டால் சிரிப்பாய். சில நாள் கண்ணை மூடி மூடித் திறப்பாய். அது நான் சொன்னதில் உனக்குச் சம்மதமில்லை என்று அர்த்தம். போன தை மாதத்தில் அதுவும் நின்றது.

இப்போது டீக்கடையில் எனக்கு இடம் விட்டுத் தள்ளித்தான் உட்காருகிறார்கள். வாயைத் திறந்தால் மூடாத கிழவனாம். "தாத்தா, இம்புட்டுப் பேச்சு எங்கேருந்து வருது?" என்று நேற்று ஒரு பையன் கேட்டான். குரும்பகரத்தில் பெண் எடுத்தேன் தம்பி என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.