கோமதி சித்திக்கு வந்த கேள்விகள்

போடிமெட்டு,
தேயிலை எஸ்டேட் மேல் லயம்,
ஞாயிறு

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளை சதீஷும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, பொய் எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, போன வாரம் ஆனை வந்து ரேஷன் கடைக் கதவை உடைத்து அரிசியைத் தின்றுவிட்டுப் போனது, மழையும் விடுவதாக இல்லை.

நீ போனில் அனுப்பிய பேச்சைப் பக்கத்து வீட்டு ரோசியின் மகள் நிமி தமிழில் சொல்லக் கேட்டேன். துணி ஆலையில் கூலி கேட்டு வேலையை நிறுத்திய ஒரு அமெரிக்க அம்மாளின் பேச்சு. இப்படி அந்த நாட்டுப் பெண்களின் பேச்சும் கடிதமும் படமும் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி, படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் காலேஜ் நூலகத்தில் உன் வேலை என்றும் சொன்னாள். நல்ல வேலைதான். அந்த அம்மாள் அடுப்பில் என்னத்தை வைத்துவிட்டுப் போராடப் போனாள் என்பதுவரை விசாரித்திருக்கிறார்கள். நாங்கள் எஸ்டேட் பெண்கள் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தபோது நீ ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, டிவியில் நின்று கத்தாதே, கூடப் படிக்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்றாய். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

அன்றைக்கு முன்னால் நின்று கோஷம் போட்டவள், என்கூடக் கொழுந்து கிள்ளுகிற உன் கோமதி சித்தி. அவளுக்குத் தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் பேச்சு போய்விடும் என்று மதுரையில் சொன்னதும் உனக்குத்தான் முதலில் சொன்னேன். அவள் பேச்சையும் எடுத்து வை தாயே என்று கெஞ்சினேன். எங்கள் நூலகத்தில் அமெரிக்கப் பெண்களுக்குத்தான் இடம், இருந்தாலும் பார்க்கிறேன், கேள்விகளை முறையாக எழுதி அனுப்புகிறேன், அதுவரை நீங்களாக எதையும் பதிய வேண்டாம் என்றாய். கங்காணி சொல்லாமல் கொழுந்தில் கை வைக்காத ஜென்மங்கள் அல்லவா நாங்கள், நிமி கையில் போன் இருந்தும் உன் உத்தரவுக்குக் காத்துக் கிடந்தோம். சித்தி தினமும் வாசலில் வந்து நின்று, ஏட்டி சாந்தம்மா, ஒம் மவ எப்பதான் கேப்பாளாம், சொல்றதுக்கு எம்புட்டோ கெடக்குட்டி என்பாள். திடீரென்று ஆபரேஷன் தேதியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள், மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே மதுரைக்கு ஓடினாள்.

நேற்று அவள் கழுத்தில் கட்டோடு வீடு திரும்பினாள். உன் கேள்விகளும் நேற்றுத்தான் வந்து சேர்ந்தன. நிமி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். முதல் கேள்வி, உங்கள் பெயரையும் ஊரையும் உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். சித்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

உன்மேல் கோபம் ஆறவில்லை, ஆனாலும் பெற்ற வயிறு சபிக்காது. இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காதே, சித்தி சொன்னதை நிமி பதிந்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். மழைச் சத்தம்தான் கேட்கும், போன் கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதே. அவள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள், கடைசிவரை கேள்.

உன் அம்மா,
சாந்தம்மாள்