ஆறவைத்த சூப்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நலந்தான், கால்தான் கொஞ்சம் கெஞ்சுகிறது.

இங்கே புற்றுநோய் வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறேன் அல்லவா, அங்கே டிரைவர் ஐயா என்று ஒருவர். மருந்து ஏற்றியதில் வாயெல்லாம் புண். சூப்பை ஆறவைத்துத்தான் கொடுப்பேன். போன செவ்வாய் அவர் வீட்டுக்குப் போகவேண்டிய நாள். கிண்ணத்தை நீட்டும்போது அவர் கை பட்டது, கொதித்தது.

"நர்ஸ்கிட்ட சொல்லிடாதம்மா. மூணு வாரமா வீட்டைப் பாக்கல."

சொல்லிவிட்டேன். இவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, சின்னக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். "உன்னைப் போய் நம்பினேனே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தத்தில் கிருமி பரவியிருந்ததாம். ஐந்து நாள் தீவிர சிகிச்சை. நேற்றுதான் வார்டுக்குத் திரும்பினார். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பே இல்லையேம்மா" என்றார். வண்டிக்குப் பின்னால் திரும்பி நின்று அழுதேன். பயப்படாதீர்கள், அசதிதான்.

போனில் எப்போதும் "நல்லாயிருக்கோம்" என்கிறீர்கள். பாப்பாவுக்கு உடம்பு சுட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை, துவைக்காமல், அனுப்புங்கள்.

மேற்பார்வையாளர் அம்மா கூப்பிடுகிறார், வருகிறேன்.

பாப்பாவின் அம்மா