சாக்கு கழித்த எடை

28.7.78, வெள்ளி

எடை இன்னும் குறைந்தால் அப்பாவை மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று அப்பா வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில், மூட்டை நிறுக்கும் தராசில் அவரை ஏற்றினோம். போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட இரண்டு கிலோ குறைவு.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "அண்ணே, பழக்கத்துல சாக்கு எடையக் கழிச்சுட்டீகளா? எங்கப்பா மூட்டை இல்லண்ணே" என்றேன். எடைபோடும் அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பாவே சிரித்துவிட்டார்.

சாக்குக்கு ஒரு கிலோ கூட்டினோம். அப்படியும் ஒரு கிலோ இடித்தது.

"அன்னைக்குச் சாப்புட்டு ஏறுனேன்டா. இன்னைக்கு வெறும் வயிறு, அதான்" என்றார் அப்பா.

"ஆமாப்பா" என்றேன்.

கிளம்புமுன் அவர் சாப்பிட்ட இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தது நான்தான்.