காபிக்கடை மேசையில் செவ்வந்தி

ஷார்லெருவா,
நவம்பர் 3

அன்பு மகள் ஃபபியெனுக்கு,

புனிதர் அனைவர் திருநாளன்று கல்லறைக்கு வந்தவர்கள்: நான், உன் அத்தை ஜோசியான், பக்கத்து வீட்டுக் கார்மெலோ, பங்குச் சாமியார் அன்செல்ம். நான்கு பேர். வந்தவர்களை எழுதி வைக்கும் என் நோட்டில், உன் தம்பி போன முதல் வருடத்துக்கு நேரே நாற்பத்தொன்று என்று இருக்கிறது. உன் பெயர் அந்த ஒரு பக்கத்தில்தான். பிறகு இருபத்தாறு வருடமாக இல்லை. குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். உனக்காகவும் மருமகனுக்காகவும் தினமும் செபமாலை சொல்லி வருகிறேன்.

உன் கடிதம் வந்தது. வீட்டை விற்றுவிட்டு டிசம்பரில் உட்ரெக்ட்டுக்கு ரயிலேறி வந்துவிடு, ஷார்லெருவா மனிதர் இருக்கும் ஊரில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் மாமியார் வீட்டில் நம் ஊரை மறைத்து நீ நாமூர்க்காரி என்று சொல்லி வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று அந்த அம்மாள் நாமூர்க் கோட்டையைப் பற்றி என்னிடம் கேட்டார். தலையாட்டி வைத்தேன். ஆனால் உன்மேல் கோபம் வெகுநாள் இருந்தது.

இந்த முறையும் இரண்டு செவ்வந்தித் தொட்டி வாங்கினேன். ஒன்று அப்பாவும் உன் தம்பி திதியேயும் படுத்திருக்கும் இடத்தில். இன்னொன்றைக் கீழ்நகரத்தில் அவன் கத்திக்குத்துப் பட்டு விழுந்த வாசலுக்கு உன் அத்தையோடு எடுத்துப் போனேன்.

அந்த வாசல் இப்போது இல்லை. தெருவையே இடித்துவிட்டார்கள். போன வருடம் தகரவேலி ஓரம் வைத்தேன். இப்போது வேலியும் போய், ஆற்றங்கரை முழுக்கப் பலகை பாவி, குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகின்றன. அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் இடம் பிடிபடவில்லை. கோவில் பக்கவாசலிலிருந்து நூற்றுப் பதினெட்டு எட்டு எடுத்து வைத்தால் அந்த வாசல் என்பது மறக்கவில்லை. எண்ணி நடந்தேன். முடிந்த இடத்தில் ஒரு காபிக்கடைக் கதவு. தொட்டியை அங்கேயே வைத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு இளைஞன் ஓடி வந்தான். யோரிஸ் என்று பெயர், உங்கள் ஹாலந்துக்காரன். அங்கே இந்தப் பூவை நம்மைப் போலக் கல்லறைக்கு வைக்காமல் வீட்டில் அலங்காரத்துக்கு வைப்பார்கள் என்று உனக்குத் தெரியுமே. "கடை தொறந்து நாலு நாளாச்சும்மா. பூவோட வந்த மொத ஆளு நீங்கதான்" என்று திக்கித் திக்கிச் சொல்லி, தொட்டியைக் கொண்டுபோய் நடுமேசையில் வைத்தான்.

"சாவுப் பூவ நடுவுல வெச்சிட்டான். இனி வியாபாரம் வெளங்குனாப்லதான்" என்று உன் அத்தை முணுமுணுத்தாள். அவள் கையைக் கிள்ளினேன். யோரிஸ் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தான், காசு வாங்கவில்லை. "எங்கூர்ல இத உலகத்துலயே அசிங்கமான ஊருன்னு சிரிப்பாங்க. நானும் சிரிச்சிட்டுப் போலாம்னுதான் வந்தேன். ரெண்டு வருஷமாச்சு, போக மனசு வரல" என்றான். நானும் சிரித்தேன்.

பிறகு கேட்டான், "உங்களுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?"

ஒரே பெண் என்று சொல்லிவிட்டேன்.

உன் அத்தை கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். திதியே விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவன் பூவை எதிரில் வைத்துக்கொண்டு சொன்னேன், ஃபபியென். அந்தப் பையன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதில் நம் பழைய ரத்தத்தைக் கொண்டுபோய்ப் பூச வாய் வரவில்லை. நாமூர் என்பது உன் வாயில் எப்படி வந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் அன்றோடு போயிற்று. பொய் சொன்னதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், சாமியார் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொல்லியும் ஆறவில்லை.

வீட்டை விற்கலாம். உன்னோடு வருகிறேன். அதற்கு முன் நீ ஒருமுறை வா. இருபத்துமூன்றாம் தேதி ஞாயிறு, திதியேயின் நினைவு நாள், பத்து மணிக்குப் பூசை. முடிந்ததும் நூற்றுப் பதினெட்டு எட்டு நடந்து போய், அந்த மேசையில் உட்கார்ந்து, எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று யோரிஸிடம் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் எனக்குச் சொல்ல வராது.

ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். பூசைக்கு எத்தனை பேர் என்று சாமியாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் எழுது.

உன் அம்மா,
கிஸ்லேன்