வாடகைக்குப் போன மைக்

பெர்மாஸ் ஜெயா

அன்பு மகன் ஜீவனுக்கு அம்மா எழுதுவது. மெல்பர்ன் குளிரில் நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம், இருவரும் சேர்ந்துதான் நலமாக இல்லை. போனில் சொன்னால் அவர் காதில் விழும் என்று முறுக்கு டின்னோடு இதை வைத்து அனுப்புகிறேன்.

கோயில் தலைவர் தேர்தலில் அப்பா நிற்பது உனக்குத் தெரியும். எதிர்த்து நிற்கும் செல்லப்பன் அங்கிள் என் கடைக்கு வந்து, மண்டபத்தில் கூட்டம் போட மைக் செட் வாடகைக்குக் கேட்டார், சரி என்றேன். வாடகைக்கு விடத்தானே வைத்திருக்கிறேன், பூசை செய்யவா. அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னதும் அப்பா தட்டை நகர்த்திவிட்டு, "நம்ம மைக்ல நம்மளையே திட்டுவான், கொடுக்காதே லா. நம்ம பொருள், நம்ம இஷ்டம்" என்றார். என் பொருள், என் இஷ்டம் என்றேன். திட்டு தெளிவாகக் கேட்டால் கடைக்கு நல்ல பெயர் என்றும் சொன்னேன், அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

கூட்டத்தில் செல்லப்பன் அங்கிள் வெளுத்து வாங்கினார். அப்பா யாரையும் வாய் திறக்க விடுவதில்லையாம், பேசியே ஆளைத் தூங்க வைக்கிறாராம். நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அவர் முடிக்குமுன் அப்பா மேடையேறி மைக்கைப் பிடுங்கி, "ஒரு பக்கம் பேசினா மறுபக்கமும் பேச விடணும், அதான் நியாயம்" என்று ஆரம்பித்துவிட்டார். நம்ம இஷ்டம் என்று சொன்ன அதே வாய். உங்கள் கூட்டத்துக்கு நாளைக்கே செட் தருகிறேன், இது அவர் எடுத்த வாடகை, இறங்குங்கள் என்று கீழிருந்து சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, மைக்கை அணைத்துவிட்டேன். மண்டபமே சிரித்தது.

அதிலிருந்து மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் வீடு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. டிவி செய்தியைப் பார்த்துக்கூட யாரையும் திட்ட மாட்டேன் என்கிறார். நான் செய்தது சரி என்றே இன்னும் நினைக்கிறேன், ஆனால் மைக்கை அணைக்கத் தெரிந்த எனக்கு அவரைப் பேச வைக்கத் தெரியவில்லையடா.

இருவரும் குறையில்லாமல் வாழ என் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் போட்டு என் பேச்சை எடு. எவ்வளவு வேண்டுமானாலும் என்னைத் திட்டட்டும், தடுக்காதே. போனை ஸ்பீக்கரில் மட்டும் போடச் சொல், நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா,
பிரேமலா